சும்மா சுற்றிப் பார்க்க

அயர்லாந்தில் நான் பார்த்ததில் பாதி, அத்தானின் பின்னந்தலைக்கும் அப்பாவின் மங்கி குல்லாவுக்கும் நடுவில் தெரிந்ததுதான். காரின் பின்சீட்டில் ஒரு ஜன்னல் அக்காவுக்கு, அவளுக்கு ஏழாம் மாதம். இன்னொரு ஜன்னல் அம்மாவுக்கு, அவளுக்கு வாந்தி வரும். நடுவில் நான். என் மடியில் ஒரு ரெக்சின் பை. அதைக் கீழே வைக்கக் கூடாது, எதிலும் இடிக்கக் கூடாது, என்ன என்று அக்கா கேட்டால் வாயைத் திறக்கவும் கூடாது. உள்ளே பழைய துண்டில் சுற்றிய கண்ணாடி வளையல்கள் இருந்தன. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்ணுக்கு வெளிநாட்டுப் பயணத்தில் கிடைத்த வேலை இதுதான்.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஒற்றைப்படை மாதத்தில் வளையல் போட்டு, பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை முன்னால் நின்று "பிள்ளையை அனுப்பி வையுங்க" என்று வாயால் கேட்க வேண்டும். அவர் "கூட்டிட்டுப் போங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். பெண் அதற்குப் பிறகே படியிறங்குவாள். கடிதத்தில் கேட்பது மரியாதை இல்லை. போனில் கேட்பது அதைவிட மோசம். மாப்பிள்ளை வன்னியம்பட்டியில் இருந்தால் சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். எங்கள் மாப்பிள்ளை அயர்லாந்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து அதுவரை யாரும் விமானம் ஏறியிருக்கவில்லை.

அத்தானின் பெற்றோர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டு முடித்துவிடலாம் என்று அப்பா நினைத்தார். சம்பந்தியம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்களைக் கேட்டா எப்படி? பொண்டாட்டி அவன்கிட்ட இருக்கா, அவன்கிட்டத்தான் கேக்கணும். முறைன்னா முறைதான். ஆனா கூட்டியாந்துருங்க. மூத்த பேரப்பிள்ளை. அங்க கெடந்து பெத்தா ஊர் என்னை என்ன சொல்லும்?" என்றார். மகனுக்கு ஒரு தகர டப்பாவில் பால்கோவாவும் கொடுத்தார்.

ஆகவே போவது என்று முடிவாயிற்று. ஆனால் எதற்குப் போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் அதுவே போனில் கேட்டதாகிவிடும். அப்பாவுக்குச் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணிக் கம்பெனி. அங்கே ஆபீஸ் ரூமில் இருந்த போனில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர் கத்தினார்: "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, சும்மா, ஊர் சுத்திப் பாக்கலாம்னு வாரோம்."

அத்தானுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டிக்கெட்டே அனுப்பிவிட்டார்.

விசா வந்து சேர்வதற்குள் ஆனி பிறந்துவிட்டது. ஆடி வந்தால் ஒன்றும் செய்ய முடியாது, அது முடிந்தால் எட்டும் தாண்டி ஒன்பது, அப்புறம் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. அக்காவுக்கென்று ஓர் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. லேடி டாக்டரிடம் சொல்லி வைத்தாயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் "பிள்ளையைக் கூட்டியாரத்தான் போறோம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அக்காவுக்கும் அத்தானுக்கும் தெரியாத விஷயம் எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவருக்குத் தெரிந்திருந்தது.

இதில் இன்னொரு சங்கடம். அம்மா மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசியதே இல்லை. மாமியார் மாப்பிள்ளையோடு நின்று வாயாடுவது அவள் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவரிடம் அவள் முழுசாக ஒரு வாக்கியம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எல்லாம் என் வழியாகத்தான் போகும். "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பாள், அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே. "போதும் அத்தை" என்று அவர் நேராகவே சொல்லுவார். நான் அதைத் திரும்பி அம்மாவிடம் சொல்ல வேண்டும். ஆகவே கேட்கிற வேலை அப்பாவுடையது என்று முடிவு செய்திருந்தோம்.

டப்ளினில் இறங்கி, அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டதும் அத்தான் ஒரு பெரிய மேப்பைத் தரையில் விரித்தார். சிவப்புப் பேனாவால் எங்கெங்கோ வட்டம் போட்டிருந்தார்.

"ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன் மாமா. மேற்குக் கரை பூரா பாத்துரலாம். உங்களுக்காகப் பெரிய காரா வாடகைக்கு எடுத்திருக்கேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேப்பைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் கவிழ்ந்தார் என்று.

எங்கள் குடும்பத்தில் அதுவரை சுற்றுலா என்றால் இரண்டே வகை. ஒன்று கோவில்: புரட்டாசிச் சனிக்கிழமையில் எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலை, பெருமாள் மலை, கூட்டத்தில் இடிபட்டு ஏறி இறங்குவது. இன்னொன்று அணைக்கட்டு: மழை பெய்து நிரம்பியிருந்தால் பிளவக்கல், புளியோதரையைத் தின்றுவிட்டு இருட்டும் முன் திரும்புவது. அதிலும் அப்பா பாதியில் கம்பெனி ஞாபகம் வந்து கிளம்பலாம் என்பார். அப்படிப்பட்ட மனிதர் அயர்லாந்துக்கு வந்து குழந்தையாகிவிட்டார். பச்சையாக எது தெரிந்தாலும் வண்டியை நிறுத்தச் சொன்னார். வயல்களுக்கு நடுவே கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் மைல் கணக்கில் போயின. அவற்றில் சாந்தே கிடையாது என்று அத்தான் சொன்னதும் இறங்கிப் போய்த் தட்டிப் பார்த்தார்.

"எம்புட்டுக் காத்து அடிக்கி, ஒரு கல்லு அசையல பாத்தீகளா? நம்ம கம்பெனிக் காம்பவுண்டு சிமெண்டு போட்டுக் கட்டினது, போன மழைக்கு விழுந்துட்டு."

"கேட்டீகளா?" என்று அம்மா மெதுவாகக் கேட்பாள்.

"செத்த நேரம் பொறு. பொறவு கேப்போம்."

அவருக்குப் பயமும் இருந்தது. மாப்பிள்ளை முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்காதவரை முடியாது என்ற பேச்சும் இல்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது.

அம்மாவும் சும்மா விடவில்லை. தினசரிக் காலண்டரிலிருந்து அந்த மாதத்துத் தாள்களைக் கிழித்து மடித்துக் கைப்பையில் கொண்டுவந்திருந்தாள். ராகு காலம், எமகண்டம் பார்த்துத்தான் கேட்க வேண்டும். அவள் கைக்கடிகாரம் ஊர் நேரத்தில் ஓடியது. அதை மாற்ற விடவில்லை. "வீட்டுல விளக்கேத்துற நேரம் எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள். காரிலிருந்த கடிகாரம் அந்த ஊர் நேரத்தைக் காட்டியது. காலண்டரில் போட்டிருப்பது எந்த ஊருக்கு என்று முதல் சண்டை. ராகு காலம் சூரியனை வைத்துத்தானே, ஆகவே இந்த ஊர் நேரம்தான் கணக்கு என்றார் அப்பா. அதோடு நிறுத்தினாரா? பகலை எட்டாகப் பங்கு போட்டதில் ஒரு பங்குதான் ராகு காலம், இங்கே விடியற்காலையில் வந்த சூரியன் நாம் சாப்பிட்டுப் படுக்கும்வரை போகமாட்டேன் என்கிறது, ஆகவே இங்கே ராகு காலமும் நம்மூரைவிடப் பெரிசு என்று காரில் ஒரு பிரசங்கம் வைத்தார். அத்தான் சிரித்துச் சிரித்து ஸ்டியரிங்கில் சாய்ந்தார். அம்மாவுக்கு அழுகை வந்தது. ஒரு நாளில் நல்ல நேரமே மிச்சமில்லாத நாடாக அவளுக்கு அது தெரிந்தது.

நல்ல நேரம் என்று ஒன்று வாய்த்தாலும் அப்போது நாங்கள் ஏதாவது ஏரியில் படகில் இருப்போம். அல்லது ஆட்டு மந்தை ரோட்டை மறித்திருக்கும். முதுகில் நீலச் சாயம் பூசிய ஆடுகள். யாருடையது என்று தெரிய அப்படிப் பூசுவார்களாம். "இதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம் வரணும்?" என்றாள் அம்மா. மழை பெய்யும், ஐந்து நிமிஷத்தில் வெயிலடிக்கும், குடையை மடக்கினால் மறுபடி தூறும். இறங்கு, ஏறு, போட்டோவுக்கு நில், ஏறு. கடலைப் பார்த்து நிற்கும் பெரிய பாறைச் சரிவின் விளிம்பில், காற்று அம்மாவின் சேலையைத் தூக்கித் தூக்கி அடித்தது. அவள் அந்தக் கடலை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அத்தானின் கோட்டு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் எதிலும் மனம் நிற்கவில்லை. ஒன்றைப் பார்க்கும்போதே அடுத்தது எப்போது முடியும் என்றிருந்தது.

அக்கா மட்டும் சளைக்கவே இல்லை. அம்மா தொண்டையைக் கனைத்தால் போதும், "அங்க நிறுத்துங்க, அந்தப் பாலத்தை அம்மா பாக்கட்டும்" என்பாள். பாலத்தைப் பார்த்து முடித்தால் அதற்கப்பால் ஓர் இடிந்த கோட்டை இருக்கும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நிற்பாள்.

நாலாம் நாள் கூரை இல்லாத ஒரு பழைய தேவாலயத்தில் நிறுத்தினோம். அப்பாவும் அத்தானும் கல்லறை எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா காரிலேயே இருந்தாள். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். நாலு நாளாக மடியில் வளையலைச் சுமந்தவளுக்குக் கோபம் வராதா?

"உனக்கு எங்க இருந்துக்கா இம்புட்டுத் தெம்பு? அம்மாவை ஒரு நாள் சும்மா உக்கார விடேன்" என்றேன்.

"உக்காந்தா கேப்பா."

"என்ன கேப்பா?"

"ஏட்டி, நான் என்ன பச்சப் பிள்ளையா? ஏழாம் மாசம், ஆனி மாசம், சும்மா சுத்திப் பாக்கவா வந்தீக? அந்தப் பையில என்ன இருக்குன்னு ஏர்போர்ட்டுல நீ வச்சிருந்த தினுசிலேயே தெரிஞ்சுட்டு. அவியகிட்ட நான்தான் சொன்னேன், ஒரு நாள்கூட வீட்டுல வைக்காம சுத்திக்கிட்டே இருங்கன்னு."

அத்தானின் சிவப்பு வட்டங்கள் யாருடையவை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அத்தானும் நாங்கள் நினைத்த அளவுக்கு வெள்ளை மனசுக்காரர் இல்லை.

"கேட்டா மாட்டேன்னு சொல்லிட்டுப் போயேன்."

"மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாட்டி."

"ஏன்?"

அக்கா கல்லறைகளுக்கு நடுவே நடந்து போய்விட்டாள். அவள் கோட்டை இழுத்து மூடிக்கொண்டது குளிருக்கு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம். இரு பக்கமும் சிவப்புப் பூ வேலிகள் உரசுகிற அளவு ஒடுக்கமான ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். அத்தான் யாரையும் கேட்காமலேயே ஒரு சந்தில் திருப்பினார்.

"இங்க வேண்டாம்" என்றாள் அக்கா.

அவர் கேட்கவில்லை. அக்காவிடம் அவர் அப்படி நடந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "மாமா, இங்க ஒரு ஊத்து இருக்கு. பழைய ஊத்து. பாத்துட்டுப் போவோம்" என்றார்.

வயல் ஓரத்தில் நாலு கல்படி இறங்கினால் ஒரு சின்ன ஊற்று. விளிம்பில் ஒரு தகரக் குவளை. யாரோ ஒரு புனிதர் பெயரில் உள்ளதாம், நோய்க்கும் நேர்த்திக்கும் அந்தப் பக்கத்துச் சனங்கள் வருவார்களாம். ஊற்றின் மேல் ஒரு முள்மரம் வளைந்து நின்றது. அதன் கிளை முழுக்கத் துணிகள். கைக்குட்டைக் கிழிசல், ரிப்பன், சட்டைத் துண்டு, குழந்தைகளின் காலுறை. மழையில் நனைந்து வெளுத்துத் தொங்கின.

அம்மாவுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. அக்காவின் ஷூவைத்தான் அவள் மாட்டியிருந்தாள். அதைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சகதியில் வெறுங்காலோடு இறங்கி ஊற்றுத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் முகம் தெளிந்திருந்தது. பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிற மரங்கள் ஊரில் எத்தனை பார்த்திருக்கிறாள். இந்த நாட்டில் அவளுக்கு அர்த்தமான முதல் இடம் அது.

"அந்தப் பையைக் கொண்டாட்டி" என்றாள் என்னிடம்.

எதற்கு என்று புரிவதற்குள் திறந்துவிட்டாள். துண்டை விரித்தாள். பச்சையும் சிவப்புமாக வளையல்கள், அக்கா கண் முன்னால். ஒன்றுகூட உடையவில்லை. அம்மா அவற்றை என் சால்வையில் கொட்டிவிட்டு, துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாக ஒரு நாடா கிழித்தாள். அக்காவிடம் நீட்டினாள்.

"கட்டு. நல்லபடியா ரெண்டு உசுரா பிரியணும்னு நெனச்சுக் கட்டு. சாமி எந்தச் சாமியா இருந்தா என்ன? கட்டிட்டு நம்ம ஊருக்குப் போவோம்."

அக்கா கையை நீட்டவில்லை.

"நான் கட்டிட்டேம்மா."

"எப்ப?"

"போன வருஷம்."

அம்மா சிரித்தாள். "இப்பத்தான் ஏழு. போன வருஷம் எதுக்குக் கட்டின?"

அக்கா மரத்தைப் பார்த்தாள். அத்தான் படிக்கு மேலே நின்றுகொண்டிருந்தார். கீழே வரவில்லை.

"அன்னைக்குப் போன்ல காய்ச்சல்னு சொன்னேன்லா" என்றாள் அக்கா. "காய்ச்சல் இல்லம்மா. மூணு மாசம். தங்கல."

அம்மாவின் கையில் நாடா அப்படியே இருந்தது. பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "மிளகு ரசம் வச்சுக் குடின்னு சொன்னேன்."

"ஆமா."

"மிளகு ரசம் வைக்கச் சொன்னேனே."

"வச்சேம்மா. குடிச்சேன்" என்றாள் அக்கா. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அழ என்ன இருந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

அம்மாவுக்கு வந்தது கோபம்தான். "என்கிட்டச் சொல்லணும்னு தோணலையா உனக்கு? பெத்தவ ஒருத்தி இருக்காளா செத்தாளான்னு..."

"கம்பெனி ரூம்ல நாலு பேரு நிக்காக. போன்ல எப்படிம்மா சொல்ல?"

"சொல்ல வேண்டாம். அழுதிருக்கலாம்லா? அழுதா எனக்குத் தெரியாதா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தலைப்பிரசவம்னு வந்து நிக்கீக. எல்லாரும் தலைப்பிரசவம் தலைப்பிரசவம்னா எனக்கு உள்ளுக்குள்ள எப்படி இருக்கு தெரியுமா? அவிய இல்லாம இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக் கட்டில்ல என்னால ஏறிப் படுக்க முடியாதும்மா. ஊருக்கு வந்தா அவிய அஞ்சாறு மாசம் கழிச்சு வந்துதான் பாப்பாக. என்னால முடியாது."

அதைத்தான் அவள் ஐந்து நாளாக மலை, ஏரி, கோட்டை என்று சுற்றி மறைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா படியேறினாள். வெறுங்கால் வழுக்கியது. அத்தான் கை கொடுத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தாள். வந்தும் விடவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க பக்கத்துல இருந்தீகளா?"

"இருந்தேன் அத்தை. ராத்திரி பூராவும் இருந்தேன்."

"கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தீகளா?"

"ஆமா அத்தை."

அம்மா தலையை ஆட்டினாள். "அப்ப இப்பவும் நீங்களே இருங்க" என்றாள்.

வேலிச் சுவரைத் தடவிப் பார்க்கப் போயிருந்த அப்பா அப்போதுதான் திரும்பி வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்து ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் புரிந்தது அவருக்கு. கடைசியில் இப்போதுதான் துணிச்சல் வந்தவர்போல, "மாப்பிள்ளை, பிள்ளையைக் கூட்டிட்டுப் போறது பத்தி..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசாம இருங்க" என்றாள் அம்மா.

திரும்பும் வழியில் நடந்ததை அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அதன் பிறகு அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லவே இல்லை.

அன்று நாங்கள் தங்கியது ஒரு பண்ணை வீட்டில். மறுநாள் காலையில், சாப்பாட்டு மேஜையிலேயே, அம்மா அக்காவுக்கு வளையல் போட்டாள். காலண்டர் தாளை எடுக்கவில்லை. கலவைச் சாதத்துக்கு வழியில்லை. வறுத்த ரொட்டியும் பால்கோவாவும்தான். வேப்பங்கொழுந்தில் காப்பு செய்து முதலில் போட வேண்டும். வேப்ப மரத்துக்கு எங்கே போவது? அந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். வந்த பெண்களுக்கும் வளையல் கொடுப்பது வழக்கம் என்று அம்மா அவள் கையையும் பிடித்து இழுத்தாள். பெரிய கை. ஒன்றுமே ஏறவில்லை. கடைசியில் அவள் சுண்டுவிரலில் ஒன்றை மாட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாக நின்றாள். அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அக்காவின் கன்னத்தில் சந்தனம் தடவும்போது அவள் கை மெதுவாக, மிக மெதுவாகப் போனது. வளையல் போட்ட பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வரப்போகிற தாய் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

பிரசவம்வரை அம்மா இருந்துவிடலாமே என்று நான் சொன்னேன். எங்களுக்கு விசா ஒரு மாதத்துக்குத்தான் இருந்தது. அத்தான் யார் யாரிடமோ கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. மிச்ச நாளும் அம்மா அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள், தலை பின்னினாள், பொடிகள் திரித்து வைத்தாள். ஒரு இடத்தில் உட்காரவில்லை. விமான நிலையத்தில் அக்கா காலில் விழப் போனபோது, "குனியாத" என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்கு வந்து சேர்ந்த மூன்றாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். சம்பந்தியம்மாவுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே. வழி நெடுக பஸ்ஸில் அப்பா, டாக்டர் விமானத்தில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொல்லுவோம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். நல்ல பொய். யாரையும் நோகடிக்காத பொய். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. கரு தங்காமல் போனதை எங்கள் பக்கம் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். பிள்ளைக்கு ஆகாது என்பார்கள், பெண்ணுக்குத்தான் குறை என்பார்கள்.

கூடத்தில் சம்பந்தியம்மாவோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். அக்காவைக் கூட்டிவரவில்லை என்ற செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"என்ன, வெறுங்கையோட வந்திருக்கீக?" என்றார் சம்பந்தியம்மா. காபி கொண்டுவந்த தட்டு இன்னும் அவர் கையிலேயே இருந்தது. "தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையைக் கூட்டியாரப் போறேன்னு போனவிய, ஊர் சுத்திப் பாத்துட்டு வந்தீகளாக்கும்?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அது என்னன்னா சம்பந்தி, அங்க டாக்டரு..."

அம்மா அவர் கையில் தட்டினாள்.

"தலைப்பிரசவத்துக்குத்தான கூப்பிடணும்? அவளுக்கு இது ரெண்டாவது" என்றாள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா தட்டைக் கீழே வைத்தார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"எப்ப?" என்று கேட்டார்.

"போன வருஷம் சித்திரையில. மூணு மாசம்." அம்மாவின் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "உங்க மகன் ராத்திரி பூரா அவ கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாராம். நாந்தான் இல்ல."